ஸ்கார்பியோவில் இரண்டாவது பேட்டரி: லே போகும் முன் நான் செய்த வயரிங்

போன செப்டம்பரில் திருநெல்வேலியிலிருந்து லே வரை எங்கள் ஸ்கார்பியோவிலேயே போய்வந்தோம். அப்பாவும் வந்தார். அவர் தினமும் இன்சுலின் போடுகிறவர். பிரிக்காத இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும், மூன்று வாரத்துக்கான மருந்து கையில் இருந்தது. அதனால் வண்டிக்குள் இருந்த 12 வோல்ட் பிரிட்ஜ் ஒரு ராத்திரி கூட நிற்கக்கூடாது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் இருக்கக்கூடாது. இந்த இரண்டு வேலையையும் ஒரே பேட்டரியிடம் கொடுக்க முடியாது, அதனால்தான் இரண்டாவது பேட்டரி.

அதற்கு முந்தைய வருடமே ராஜஸ்தான் போவதற்காக ஒரு கடையில் கொடுத்து மாட்டியிருந்தோம். அவர்கள் செய்தது ரொம்ப எளிது: பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், நடுவில் எதுவும் இல்லை. பிரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடி இரண்டு பேட்டரியையும் சேர்த்தே இறக்கிவிட்டது, ஜெய்சால்மரில் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதையாவது ஜம்ப் கேபிள் போட்டுச் சமாளித்தோம். திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியில் ஓடிய பாசிட்டிவ் கேபிள், சீட் நகரும் தண்டவாளத்தில் உரசி உரசித் தோல் கிழிந்து புகைய ஆரம்பித்தது. பியூஸே போடவில்லை. அப்பா அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்கிவிட்டு ஸ்பேனரால் டெர்மினலைக் கழற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்த முறை எல்லாவற்றையும் நானே படித்து, ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன் நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன்.

முதலில் பேட்டரி வாங்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 40 லிட்டர் கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்ப் இழுக்கும். ஆனால் எப்போதும் ஓடாது, வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் வண்டி நிற்கும் 12 மணி நேரத்துக்கு 24 ஏ.எச். (ஆம்ப்-ஹவர், அதாவது ஆம்பை மணி நேரத்தால் பெருக்கியது). எல்.இ.டி. விளக்கு, மூன்று போன், ஒரு லேப்டாப் எல்லாம் சேர்த்து இன்னும் 12 முதல் 14. ஆக ஒரு ராத்திரிக்கு 36 முதல் 38 ஏ.எச். ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்காமல் ஓரிடத்தில் தங்கினால் இது இரட்டிப்பாகும். உங்கள் கணக்கு வேறாக இருக்கும், ஆனால் போடாமல் கடைக்குப் போனால் ஒன்று அதிகமாக வாங்குவீர்கள், இல்லையென்றால் ராத்திரி மூன்று மணிக்கு பிரிட்ஜ் நிற்கும்.

எந்த வகைப் பேட்டரி? வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய டியூபுலர் பேட்டரி சும்மாதானே கிடக்கிறது என்று தயவுசெய்து அதைத் தூக்கி வண்டியில் வைக்காதீர்கள். 50 கிலோவுக்கு மேல் எடை, வண்டி சாய்ந்தால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. ஈய ஆசிட் வகையில்தான் வேண்டுமென்றால் ஆசிட் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும், சீல் செய்த ஏ.ஜி.எம். வகையை வாங்கலாம், ஆனால் அதில் பாதிதான் பயன்படுத்த வேண்டும், அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். 100 ஏ.எச். என்றால் கையில் இருப்பது 50. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம், 100 ஏ.எச். பேட்டரியே 12 கிலோ அளவில்தான் இருக்கும். நான் லித்தியம்தான் போட்டேன். அதை இன்ஜின் பக்கத்தில் வைக்கக் கூடாது, அந்தச் சூட்டுக்கு அது ஆகாது.

லித்தியத்துக்கு இன்னொரு குணம் உண்டு, லடாக், ஸ்பிதி போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது, செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். கரண்ட் எடுக்கலாம், கொடுக்கத்தான் கூடாது. உள்ளே செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்டில், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ளதா என்று கேட்டே வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நின்று, இன்ஜின் ஓடும்போது மட்டும் சார்ஜ் போகவும், இன்ஜின் நின்றதும் தொடர்பு அறுந்துபோகவும் செய்ய வேண்டும். மலிவான வழி வோல்டேஜைப் பார்த்துச் சேரும் ரிலே, வி.எஸ்.ஆர். என்பார்கள். முதல் பேட்டரியில் 13.3 வோல்ட் வாக்கில் சேரும், 12.8 வாக்கில் பிரியும். பழைய வண்டி, ஏ.ஜி.எம். பேட்டரி என்றால் அதுவே போதும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகள் பலவற்றில், டீசல் மிச்சம் பிடிப்பதற்காக, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. அப்படிப்பட்ட வண்டியில் ரிலே சேர்ந்து சேர்ந்து பிரியும், பேட்டரி நிறையவே நிறையாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று ஒரு மல்டிமீட்டர் சொல்லிவிடும்: பேட்டரியில் வைத்துக்கொண்டு யாரையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி ஒரே சீராக நின்றால் பழைய ரகம், அவ்வப்போது 12.5 அளவுக்கு இறங்கினால் புது ரகம்.

புது ரகம் என்றாலோ, லித்தியம் பேட்டரி என்றாலோ டி.சி.-டி.சி. சார்ஜர்தான் போட வேண்டும். எந்த வோல்டேஜ் வந்தாலும் அது பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றிக் கொடுக்கும், அதைவிட முக்கியமாக, கரண்டை ஒரு அளவுக்குமேல் விடாது. லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால் அது கிடைத்ததையெல்லாம் இழுக்கும், டிராபிக்கில் காற்றில்லாமல் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் கொதித்துப்போகும். விக்ட்ரான், ரெட்ஆர்க் இரண்டும் இதில் பெயர் பெற்றவை. நான் போட்டது 30 ஆம்ப். ஒரு ராத்திரி செலவழிந்த 38 ஏ.எச்.சை ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் நிரப்பிவிடும். 20 ஆம்ப் சார்ஜரே நம்மில் பலருக்குப் போதும்.

அப்புறம் கேபிள். பேட்டரிக்குச் செலவு செய்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம், எனக்கு இதில்தான் கோபம் வரும். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர் என்று வையுங்கள். 30 ஆம்ப் சார்ஜர் உள்ளே இழுப்பது 40 ஆம்ப் வரை போகலாம். 6 ஸ்கொயர் எம்.எம். கேபிளில் இதற்கு 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும், கேபிளும் சூடாகும். 16 ஸ்கொயர் எம்.எம். என்றால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். சுத்தத் தாமிரமாக, மெல்லிய இழைகள் நிறைய உள்ளதாக வாங்குங்கள். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் போட்டதும் அதே நிறத்தில் இருக்கும், ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கேபிள், லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்), பியூஸ் எல்லாம் கிடைக்கும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டி வைக்காதீர்கள், அந்த இடம்தான் ஆறு மாதத்தில் கருகும்.

பியூஸ் இரண்டு. ஒன்று முன் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாணுக்குள், இன்னொன்று இரண்டாவது பேட்டரியின் பாசிட்டிவுக்குப் பக்கத்தில். கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வரும். நான் இரண்டிலும் 60 ஆம்ப் போட்டேன். பியூஸ் இருப்பது கேபிளைக் காப்பாற்றத்தான், அதனால் கேபிள் தாங்கும் அளவைத் தாண்டிப் போடக்கூடாது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வர, ஏற்கெனவே வயர் வரும் ரப்பர் புஷ் வழியாகவே கொண்டு வாருங்கள். நெளிவுக் குழாய்க்குள் விட்டு, கதவோரப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஓட்டுங்கள், சீட் தண்டவாளத்தின் பக்கமே போகாதீர்கள். வண்டியின் ஒரிஜினல் வயர் எதையும் வெட்டாதீர்கள், வாரண்டிக்கு அதுவே முதல் சிக்கல். சாவி போட்டாயிற்று என்று சார்ஜருக்குச் சொல்லும் இக்னிஷன் சிக்னலுக்கு பியூஸ் பாக்ஸில் செருகும் டேப் கிடைக்கிறது, அது போதும்.

பேட்டரியை பெல்ட் போட்டுக் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். மோதினால் அந்த 12 கிலோ பறந்து வரும், முன்னால் இருப்பது நம் வீட்டு ஆட்கள். இரும்புத் தட்டு செய்து, மேலே கிளாம்ப் போட்டு, பாடியின் தகட்டிலேயே போல்ட் போட்டு முடுக்கினோம். ட்ரில் போடும் முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள், டீசல் டாங்கும் பிரேக் லைனும் அங்கேதான் போகும்.

இணைக்கும்போது முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாட்டுங்கள். அந்த நெகட்டிவ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருந்தால், சார்ஜரின் நெகட்டிவை டெர்மினலில் நேராகப் போடாமல் சேசிஸில் பெயின்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போடுங்கள், இல்லையென்றால் எவ்வளவு கரண்ட் போகிறது என்ற கணக்கு வண்டிக்குத் தப்பும்.

பிரிட்ஜுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்பாதீர்கள். அதன் மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரி நிறைய இருந்தாலும் பிரிட்ஜ் தானாக அணைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக 6 ஸ்கொயர் எம்.எம். வயர், அதற்குத் தனியாக 15 ஆம்ப் பியூஸ், இறுக்கமாகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் (ஒரு வகை பிளக்). பேட்டரி இறங்கினால் பிரிட்ஜைத் தானாக அணைக்கும் பாதுகாப்பு அமைப்பை ‘லோ’வில் வையுங்கள், ஸ்டார்ட் பேட்டரி இதில் சேராததால் பயமில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் வீட்டு வாசலிலேயே சோதித்தோம். வண்டியை ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பார்த்தேன், சுட்டால் கிரிம்ப் சரியில்லை என்று அர்த்தம். ஒன்று சுட்டது, வெட்டிவிட்டு மறுபடி போட்டோம். பிறகு இரண்டு ராத்திரி பிரிட்ஜை ஓடவிட்டு, காலையில் முன் பேட்டரி 12.6 காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது.

மணாலி தாண்டி சர்ச்சுவில், 4,200 மீட்டருக்கு மேல், ராத்திரி குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. அங்கே பிரச்சினையே தலைகீழ்: உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் மருந்தை ஃபிளாஸ்கில் போட்டுக் கூடாரத்துக்குள் அப்பாவின் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தோம், பிரிட்ஜை நிறுத்திவிட்டோம். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஹீட்டரைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியபின்தான், பேட்டரியின் சூடு 5 டிகிரி தாண்டியதைப் போனில் பார்த்துவிட்டு, சார்ஜரை ஆன் செய்தேன்.