டஸ்ட் கலெக்டர் பொருத்தும் முன் இதைப் பாருங்கள்

டஸ்ட் கலெக்டர் (பட்டறைத் தூளைக் குழாய் வழியே உறிஞ்சி ஃபில்டரில் பிடிக்கும் இயந்திரம்) என்றாலே எத்தனை ஹெச்பி மோட்டார் என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் பாதிப் பிரச்சினை குழாயில்தான் இருக்கிறது. மரத்தூள் படியாமல் போக, காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும்; பெரிதாக இருக்கட்டுமே என்று அகலமான குழாயைப் போட்டால் வேகம் குறைந்து தூள் அடியிலேயே தங்கிவிடும்.

அப்புறம் எர்த்திங், அதாவது தூள் உரசிச் சேரும் நிலைமின்சாரம் தீப்பொறியாகாமல் தரைக்குப் போக வழி. இணைப்புகளில் ரப்பர் கேஸ்கெட்டோ பெயின்டோ இருந்தால் மின்தொடர்பு விட்டுப்போகும், அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே செம்புக் கம்பி கட்டி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மரம், மாவு, சர்க்கரை, அலுமினியம் எல்லாம் நுண்தூளானால் வெடிக்கக்கூடியவை. தயவுசெய்து மரத்தூள் இழுக்கும் கலெக்டரில் கிரைண்டர் தீப்பொறியை விடாதீர்கள்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் அளவை முதல் நாளிலிருந்தே குறித்து வாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர் அடைக்கிறது, திடீரென்று விழுந்தால் ஃபில்டர் பை கிழிந்திருக்கலாம். ஹாப்பரை (பிடித்த தூள் விழுந்து சேரும் அடிப்பகுதி) குப்பைத்தொட்டி மாதிரி நிரம்ப விட வேண்டாம்.

கலெக்டரின் கதவைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்யும் கம்ப்ரஸர் காற்று லைன் இருந்தால் அதையும் மூடி, உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.