வெயிலுக்குள் பெய்த 14 மில்லிமீற்றர்: வானிலைப் பதிவில் பிழை திருத்துவது

சித்திரை வெயிலுக்குள் மொட்டைமாடியில் ஏறி, மழைமானிப் புனலில் அடைத்துக்கிடந்த வேப்பஞ்சருகையும் காக எச்சத்தையும் தண்ணி ஊற்றிக் கழுவினேன். பின்னேரம் பார்த்தால், இன்றைய மழை 14 மி.மீ.! "எங்கட முத்தத்தில மட்டும் பெய்ததாக்கும்" என்றா அம்மா.

மழைமானிக்குள் இருக்கும் இரட்டைக் கரண்டி ஒருதரம் சரிந்தால் 0.254 மி.மீ. என்று கணக்கு. நான் ஊற்றியதில் 55 தரம் சரிந்திருக்கிறது. மழையா வாளியா என்று அதுக்கென்ன தெரியும்.

என்னிடம் இருப்பது, 'றாஸ்பெரி பை' என்னும் சின்னக் கணினியில் ஓடும் வீவெக்ஸ் 5, வானிலைக் கருவியின் அளவுகளைப் பதிந்து இணையப் பக்கமாகக் காட்டும் மென்பொருள். அதை நிறுவும் கதை இங்கே இல்லை.

1. மழை வராத நேரமாகப் பார்த்து வீவெக்ஸை நிறுத்துங்கள். தரவுத்தளக் கோப்பைக் கணினிக்குப் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியைத் தொடாமல் பென்ட்ரைவில் வையுங்கள்.

2. கணினியில் உள்ளதை 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' மென்பொருளில் திறவுங்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் திருத்துவது கெட்டித்தனம்தான். ஆனால் மாற்றப்போகும் வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுவதே எனக்கு நிம்மதி. 'ஆர்க்கைவ்' அட்டவணையில் நேரம் 1970 தை 1 முதலான செக்கன்களாக இருக்கும். அந்த நிரலின் காட்சி வடிவத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். மாற்றாமல் உலக நேரத்தில் தேடினால் ஐந்தரை மணித்தியாலம் தள்ளி வேறு வரியில் கை வைப்பீர்கள்.

3. அலகைப் பாருங்கள். 'யூஎஸ்யூனிட்ஸ்' நிரலில் 1 இருந்தால் மழை அங்குலத்தில், வெப்பம் பரனைற்றில். என் 14 மி.மீ. அங்கே 0.55 ஆகத்தான் கிடந்தது, அதுவும் இரண்டு மூன்று வரிகளில் பிரிந்து. 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தேடுகிறவர் 113 என்று கொடுக்கவேண்டும். 45 என்றே கொடுத்தால் யாழ்ப்பாணத்தின் முழு வருடமும் பிழை என்று வந்து நிற்கும்.

மழை பெய்யவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் 0 போடலாம். மழைவேக நிரலில் அடுத்த சில வரிகளையும் பாருங்கள், பொய்வேகம் அங்கேயும் தொடரும். பிழையான வெப்பத்துக்கு மட்டும் 0 போடவே வேண்டாம், வலது சொடுக்கில் 'நல்' (மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஆக்குங்கள். 0 பரனைற் என்பது −18 பாகை செல்சியஸ், பருத்தித்துறைக் கடலே உறைந்துவிடும். கடைசியில் 'ரைட் சேஞ்சஸ்' அழுத்தாவிட்டால் ஒன்றும் பதியாது.

4. நான் இரண்டு இரவு முழித்த இடம் இதுதான். அட்டவணையில் 0, இணையப் பக்கத்தில் அதே 14. உலாவியின் பழைய நினைவைத் துடைத்தேன், றாஸ்பெரி பையை அணைத்துப் போட்டேன், திருத்திய கோப்பு வேறோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். சங்கதி என்னவென்றால், ஒவ்வொரு நாளின் கூட்டுத்தொகை, உச்சம், தாழ்வு எல்லாவற்றையும் வீவெக்ஸ் தனி அட்டவணைகளில் சேர்த்து வைக்கிறது. பக்கம் பார்ப்பது அவற்றைத்தான். மூலவரியைத் திருத்தினாலும் அவை தாமாக மாறா. ஆகவே கோப்பைப் பழைய இடத்தில் வைத்ததும், 'வீசிடிஎல் டேட்டாபேஸ் ரீபில்ட்-டெய்லி' கட்டளையை (ஆங்கில எழுத்தில்தான்: weectl database rebuild-daily) அந்தத் திகதியோடு கொடுங்கள். பிறகு வீவெக்ஸைத் தொடக்குங்கள்.

பெரிய எண் என்பதற்காக மட்டும் எதையும் அழிக்காதீர்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு கொட்டிய மழையை இப்போது ஒருவர் பட்டியலில் பார்த்தால் பிழை என்றுதான் நினைப்பார்.

பிற்சேர்க்கை: திருத்திய கோப்பை வைத்தபிறகு புதிய பதிவே விழவில்லை என்று கோண்டாவில் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். பிரதி பண்ணும்போது கோப்பின் உரிமையாளர் மாறியிருக்கிறது. பொதியாக நிறுவிய வீவெக்ஸ் 5 தன் பெயரிலுள்ள பயனராகவே ஓடும், கோப்பின் உரிமையை அதற்கே திருப்பிக் கொடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: வீவெக்ஸ் மாதத்துக்கும் வருடத்துக்கும் எழுதிவைக்கும் சுருக்கமான 'நோவா அறிக்கை'யில், கடந்த மாதத்துக்குப் பழைய எண்ணே நிற்கிறதா? அந்த மாதக் கோப்பை அழித்துவிடுங்கள், அடுத்த சுற்றில் புதிதாக எழுதும். வருடக் கோப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அதை மறந்துபோனேன்.