கதைக்குக் கை பழக்குவது எப்படி? நான் செய்து பார்த்த பயிற்சிகள்

கதை எழுத வேண்டும் என்று ஆசையாக நோட்டை எடுத்து, இரண்டாவது பக்கத்திலேயே நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அங்கேதான் நின்றேன். மூன்று வருடத்தில் தொடங்கிய கதைகள் பதினொன்று, முடித்தவை இரண்டு. அந்த இரண்டையும் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தன. கூடவே ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘எல்லாப் பாத்திரங்களும் ஒரே ஆளாக இருக்கிறார்கள்.’

அந்த ஒரு வரியைப் பல நாள் யோசித்தேன். பாட்டு கற்கிறவர்கள் சரளி வரிசையில் தொடங்குகிறார்கள். நாம் மட்டும் எடுத்த எடுப்பில் கச்சேரி செய்ய உட்காருகிறோம். சரி, கதையை ஆறு மாதம் தள்ளி வைப்போம், பயிற்சி மட்டும் செய்வோம் என்று முடிவெடுத்தேன். கீழே இருப்பவை அந்த ஆறு மாதத்தில் எனக்குப் பலன் தந்தவை. பலன் தராதவற்றை விட்டுவிட்டேன்.

படி 1: நோட்டும் நேரமும்

தினமும் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எனக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், வேலை நாகர்கோவிலில். இரவு சாப்பாடு முடிந்ததும் போனில் மணி வைத்துவிட்டு எழுதுவேன். மணி அடித்தால் பாதி வரியில்கூட நிறுத்திவிடுவேன். பாதியில் நிறுத்திய வரி மறுநாள் நம்மை உட்கார வைக்கும்.

நோட்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டும் நீல மைப் பேனாவும் போதும். அழகான அட்டை போட்ட டைரி வாங்காதீர்கள், அதில் தப்பாக எழுதக் கை வராது. பயிற்சி நோட்டு என்றால் தப்பு செய்யத்தான். வலது பக்கம் மட்டும் எழுதுங்கள், இடது பக்கம் காலியாக இருக்கட்டும். ஏன் என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

போனில்தான் எழுதுவேன் என்றால் தமிழ் எழுத்தையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சிரமமாக இருக்கும், அப்புறம் விரல் தானாக ஓடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் ஒவ்வொரு சொல்லும் தலைக்குள் ஒருமுறை ஆங்கில எழுத்துக் கூட்டலாக மாறி வருகிறது. எனக்கு அது கதையின் ஓட்டத்தைக் கெடுத்தது. பேசினால் எழுத்தாகும் வசதி பயிற்சிக்கு உதவவே இல்லை. நான் ‘இண்ணு’ என்று சொன்னால் அது ‘இன்று’ என்று திருத்தி வைத்தது.

படி 2: சோகம், மகிழ்ச்சி, கோபத்துக்குத் தடை

ஒரு மாதத்துக்கு உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். சோகம், ஆனந்தம், வேதனை, ஏக்கம், தவிப்பு எதுவும் கூடாது. ‘மிகவும்’ என்ற சொல்லையும் தடைப் பட்டியலில் சேருங்கள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மூக்குக்கும் நாக்குக்கும் தோலுக்கும் தெரிந்தது மட்டும்.

என் முதல் நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்:

‘அம்மா மிகவும் களைத்துப்போய் சோகத்துடன் வீட்டுக்கு வந்தாள். அவள் வாழ்க்கை துன்பம் நிறைந்தது.’

எங்கள் பகுதியில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்போம். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துவிடும், கருப்பாகக் கறை பிடிக்கும். அண்டி உடைக்கிறவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தொட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ‘துன்பம் நிறைந்தது’ என்றுதான் வந்தது. தடை போட்ட பிறகு அதே இடத்தை இப்படி எழுதினேன்:

‘அண்டி ஆபீசிலிருந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெய் தேய்த்துக் கழுவியும் விரலிடுக்கில் கறை போகவில்லை. தங்கச்சி சோற்றுத் தட்டை நீட்டினாள். அம்மா கையைப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி சோற்றை உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனாள்.’

இது பெரிய எழுத்து என்று சொல்லவில்லை. ஆனால் இந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். முதலில் எழுதிய அம்மாவை எங்கும் பார்த்ததில்லை.

பொருள் கிடைக்காவிட்டால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ரப்பர் பால் வடியும் சிரட்டை, கருப்பட்டி உடைத்த அம்மி, மட்டிப்பழக் குலை தொங்கும் கயிறு. ஒரு நாளைக்கு ஒரு பொருள், பத்து வரி.

படி 3: பேச்சு

நான் விழுந்த இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் என் ஆட்கள் எல்லோரும் பாடப்புத்தகம் போலப் பேசினார்கள்:

‘அம்மா, இன்று மழை பெய்யும் போல் இருக்கிறது. நான் பால் வெட்டச் செல்லவில்லை.’

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவன் இப்படிப் பேசமாட்டான். தப்பு புரிந்ததும் நேர் எதிர்ப்பக்கம் போனேன். காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுத்தாக்கினேன்:

‘எம்மோ, இண்ணு மழெ பெய்யும்போலெ கெடக்கு, நா பாலு வெட்டப் போவேல்ல கேட்டியா.’

எழுதியபோது பெருமையாக இருந்தது. மதுரையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, மூன்றாவது பக்கத்தில் விட்டுவிட்டேன் என்றான். ஒரு மாதத்துக்கு மேல் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

வழி கிடைத்தது பேருந்தில்தான். குலசேகரத்தில் ஏறினால் திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை தாண்டி நாகர்கோவில் வருவதற்குள் பேச்சு மாறிக்கொண்டே வரும். மேற்கே தண்ணீரை ‘வெள்ளம்’ என்பார்கள், மலையாளச் சாயல் இருக்கும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் வர வர ‘பாத்துக்கோ’ என்று வாக்கியத்தை முடிப்பார்கள். கடற்கரை ஊர்ப் பேச்சு இரண்டிலிருந்தும் வேறு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அந்தப் பழைய தொடர்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. கூர்ந்து கேட்டபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு ஆளை அடையாளம் காட்டுவது எல்லா ஒலியும் சேர்ந்து அல்ல. ஓரிரண்டு சொல், வாக்கியத்தை முடிக்கும் விதம், எதிரில் இருப்பவரைக் கூப்பிடும் முறை, இவ்வளவுதான். அதன்படி எழுதிப் பார்த்தேன்:

‘அம்மா, மழை வரும்போல இருக்கு. இண்ணு பாலுவெட்டு இல்ல, கேட்டியா.’

மதுரை நண்பனும் தடுக்காமல் படித்தான், எங்கள் ஊர்க்காரரும் நம்ம ஆள்தான் என்றார்.

இதைப் பயிற்சியாகச் செய்யும் வழி இது. பேருந்திலோ சந்தையிலோ காதில் விழும் பேச்சைக் கேளுங்கள். போனில் பதிவு செய்யாதீர்கள், அது முறையும் அல்ல, உதவவும் செய்யாது. இரவில் நினைவிலிருந்து ஐந்து வாக்கியம் மட்டும் எழுதுங்கள். ஒரு பகல் கழிந்தும் நினைவில் தங்கியது எதுவோ, அதுதான் அந்த ஆளின் முத்திரை. பிறகு நீங்களே உருவாக்கிய இரண்டு ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு முத்திரை கொடுத்து ஒரு பக்கம் பேச விடுங்கள். ‘என்றான்’, ‘என்றாள்’ எதுவும் போடாதீர்கள். பெயரும் வேண்டாம்.

இப்போது தேர்வு. அந்தப் பக்கத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியை யார் பேசுகிறார் என்று கேளுங்கள். நான் முதலில் நான்கு பேர் பேசும் ஒரு பக்கத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, விரலை வைத்து, மெதுவாகப் படித்தார். ‘மக்களே, இதில ஆளு நாலு உண்டு, ஆனா பேச்சு ஒண்ணுதான்’ என்றார். அந்த ஆசிரியர் எழுதியனுப்பியதும் இதேதான். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஏழாவது முயற்சியில்தான் நான்கு பேரையும் சரியாகச் சொன்னார். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வீட்டில் யாரும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

‘மகன் போன் போட்டானா?’

‘கருப்பட்டி தீந்துபோச்சு. கடைக்குப் போனா வாங்கிட்டு வாங்க.’

போன் வரவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிட்டது. நேரான பதிலே இல்லாத பத்து வரி உரையாடலை வாரம் ஒருமுறை எழுதுங்கள்.

படி 4: ஒரே சம்பவம், வேறு கண்கள்

சின்னச் சம்பவமாக எடுங்கள். என்னுடையது, தக்கலையில் ஒரு பாட்டி மீன் சட்டியோடு பேருந்தில் ஏற வருகிறார், நடத்துநர் ஏற்ற மறுக்கிறார். இதை முதலில் பாட்டி சொல்வதாக, பிறகு நடத்துநர் சொல்வதாக, கடைசியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடப் பையன் சொல்வதாக எழுதினேன். நடத்துநரின் பக்கம் நின்று எழுதும்வரை அவரை நான் கெட்டவராகவே வைத்திருந்தேன். எழுதியபோதுதான், முந்தின நாள் அதே இருக்கையில் மீன் தண்ணீர் சிந்தி அவர் பேச்சு வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அங்கேதான் கதை பிறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ ஒரு சின்னப் பேருந்துச் சம்பவத்தை 99 விதமாக எழுதி 1947இல் வெளியிட்டார். நமக்கு மூன்று போதும்.

படி 5: சொல்லாமல் சொல்வது

இதை அமெரிக்க எழுத்தாளர் ஜான் கார்ட்னர் தன் மாணவர்களுக்காக எழுதி வைத்தார். போரில் மகனை இழந்த ஒருவர் பார்ப்பதாக ஒரு தானியக் கொட்டிலை வருணிக்க வேண்டும். மகன், போர், சாவு, எதையும் குறிப்பிடக்கூடாது. நம் ஊருக்கு நான் மாற்றிக்கொண்டது: 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போயிருந்த மகன் திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்து, கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தகப்பன் பார்க்கிறார். வள்ளத்தை மட்டும் எழுதுங்கள். புயல் வேண்டாம், மகன் வேண்டாம், கண்ணீர் வேண்டாம்.

இதை முதல் மாதம் தொடாதீர்கள். இரண்டாம் படி கைக்கு வராமல் இதைச் செய்தால் வெறும் வருணனைதான் கிடைக்கும். நானே அவசரப்பட்டு மூன்றாம் நாள் செய்து, நாலு பக்கம் கடல் அலையை எழுதி வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எழுதியபோது, வலையில் பாதியில் நின்ற ஒரு முடிச்சு வந்தது. அந்த முடிச்சைத் தகப்பன் தொடுவதில்லை. அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

படி 6: இடது பக்கம்

ஒரு வாரம் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் கோடு போடுங்கள். காலியாக விட்ட இடது பக்கத்தில் அந்த வரியை மட்டும் திரும்ப எழுதுங்கள். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கை எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியும். முழுப் பக்கத்தையும் திருத்தப் போகாதீர்கள். அதைத் தொடங்கினால் மறுநாள் பயிற்சி நின்றுவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன்.

வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவர், தன்னைச் சுற்றி ஊர்ப்பேச்சே இல்லை, மூன்றாம் படியை எப்படிச் செய்வது என்று கேட்டார். வீட்டுக்குப் போன் செய்யும்போது முதல் இரண்டு நிமிடம் நீங்கள் பேசாமல் கேளுங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் அவர் அனுப்பிய உரையாடல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

‘அண்டி ஆபீஸ்’ வெளியூர்க்காரருக்குப் புரியாதே, பக்கத்தில் விளக்கம் போடலாமா என்று இன்னொருவர். கதைக்குள் போடாதீர்கள். அம்மாவின் விரலில் முந்திரித் தோட்டுக் கறை என்று எழுதுங்கள், வாசகர் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

ஒரு தங்கை எழுதியது எனக்கு முக்கியமாகப் பட்டது. பக்கத்து வீட்டில் நடந்ததை அப்படியே பயிற்சியாக எழுதியிருக்கிறார். நோட்டு அவர்கள் கண்ணில் பட்டு, இப்போது பேச்சு வார்த்தை இல்லையாம். நான் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட பேச்சின் தோரணையை எடுங்கள், அவர்கள் வீட்டுச் சங்கதியை எடுக்காதீர்கள். சங்கதி நம் கற்பனையில் வரட்டும், அதற்குத்தானே பழகுகிறோம்.

அடுத்த வாரத்துக்கு எல்லோரும் சேர்ந்து செய்ய ஒரு பயிற்சி கேட்டிருந்தீர்கள். மழைக்காலம், பத்து நாளாகப் பால்வெட்டு இல்லை. மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. பால் வெட்டுகிறவரின் மனைவி தோட்டத்து வழியாகக் கடைக்குக் கடன் கேட்கப் போகிறார். பணம், கடன், பசி என்ற சொற்கள் இல்லாமல் 15 நிமிடம்.