கொர்வெட்டின் பக்கக் கண்ணாடி: நடுவர் பார்வைக்கு வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1963 முதல் 1967 வரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆலையில் தயாரான ஷெவ்ரலே கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பவர்கள், எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, பின்னால் வருவதைப் பார்க்க ஓட்டுநர் கதவில் நிற்கும் சிறிய கண்ணாடியை ஒரே பிற்பகலில் கெடுத்துவிடுவதுண்டு. 1974-இல் தொடங்கிய தேசிய கொர்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் நடுவர்கள், ஆலையை விட்டு வெளிவந்த நாளில் கார் இருந்தபடியே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அசல்தன்மைக்கும் பாகத்தின் நிலைக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. சங்கம் தரும் டாப் ஃபிளைட் விருதுக்குக் குறைந்தது 94 சதவீதம் வேண்டும்.

முதல் தவறு, மங்கிய கண்ணாடித் தகட்டைத் தூக்கி எறிவது. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் தயாரிப்பாளரின் குறியும் மாத, ஆண்டு எண்களும் இருக்கும். டி.எம்.ஐ. என்றிருந்தால் அது மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரிலிருந்த டோனெலி மிரர்ஸ் நிறுவனத்தின் தகடு. அந்தத் தேதி கார் கட்டி முடிக்கப்பட்ட நாளுக்கு முந்தியதாக, சில மாதங்களுக்குள் அமைய வேண்டும். பிந்தியிருந்தால் அந்தத் தகடு அந்தக் காருடன் பிறந்ததல்ல என்பதை நடுவர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். ஆகவே கழற்றுவதற்கு முன்பே, சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்த்து, குறியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தகட்டில் பழைய தேதியைப் பொறித்து ஏமாற்றும் வேலையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தில் லேசாக ரசம் போயிருந்தாலும் தன் தேதியைத் தாங்கி நிற்கும் தகடே என் கண்ணுக்கு மேலானது.

இரண்டாவது தவறு, எந்த வகைத் தகடு என்று அறியாமல் ரசம் பூசக் கொடுப்பது. பென்சில் முனையைத் தகட்டின் மேல் மெல்லத் தொட்டுப் பாருங்கள். முனையும் பிம்பமும் ஒட்டிக்கொண்டால் உலோகப் படிவு முன்முகத்திலேயே இருக்கிறது. இடையில் கண்ணாடியின் கனமளவு இடைவெளி தெரிந்தால் ரசம் பின்புறத்தில் இருக்கிறது. முன்முகப் படிவுள்ள தகட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் படிவே கீறிப் போகும். அதன் பின்புறத்தில் ரசம் பூசினால் பிம்பம் அசலைவிட வெளிச்சமாகத் தெரியும். பின்பூச்சிலேயே தேதி பதிந்திருக்கும் தகடாக இருந்தால், பழைய ரசத்தைக் கழுவும்போது தேதியும் சேர்ந்து போய்விடும்.

தகட்டைத் தாங்கும் கூட்டைப் பொறுத்தவரை, அது துத்தநாகக் கலவையில் வார்த்து, செம்பு, நிக்கல், குரோம் என அடுக்கடுக்காக முலாம் பூசியது. கொப்புளம் தோன்றினால் அடியிலுள்ள துத்தநாகம் அரித்திருக்கிறது என்று பொருள். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அமிலத்தில் ஊற வைப்பதும், இறுகிய திருகை இளக்கத் தீயால் சூடேற்றுவதும் பெருங்கேடு. சுமார் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இந்த உலோகம் உருகிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுத்திருப்பதே வழி. முலாம் பட்டறையில், குழிகளைச் செம்பால் நிரப்பித்தான் சமன் செய்ய வேண்டும், விளிம்புகளை மழுங்கத் தேய்க்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூர்மையான விளிம்பு உருண்டுபோன கூடு, எவ்வளவு மின்னினாலும் அசலாகத் தெரியாது.

வலப்பக்கத்திலும் ஒன்று இருந்தால் அழகு என்று பொருத்துபவர்கள் உண்டு. இந்த ஆண்டுகளில் ஆலை இடப்பக்கம் மட்டுமே கொடுத்தது என்பதால், கதவில் போடும் அந்தத் துளைகளே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

கடைசியாக, பொருத்தும்போது அவசரம் கூடாது. கொர்வெட்டின் உடல் ஃபைபர்கிளாஸால் ஆனது. அடித்தட்டுக்கும் கதவுக்கும் இடையே கேஸ்கெட் எனும் மெல்லிய திண்டு இல்லாமலோ, இறுதிச் சுற்றை முழு பலத்தோடு முறுக்கியோ மாட்டினால், துளையிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். பிறகு கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டிவரும். கண்ணாடி அசையாமல் நிற்கும் அளவுக்கு, கையால் உணர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.