கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வீட்டில் எங்கே மாட்டுவது?

டொராண்டோ பக்கம் புதிதாக வீடு வாங்குகிறவர்கள் பலர், ஒரே ஒரு அலாரம் வாங்கி நேராகப் பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். நடுராத்திரி அது அங்கே கத்தினால் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவருக்கு எப்படிக் கேட்கும்? கார்பன் மோனாக்சைடு, கேஸ் போன்ற எரிபொருள் எரியும்போது உண்டாகும் நச்சு வாயு; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்புவதுதான் அலாரத்தின் வேலை.

1. முதல் அலாரம் படுக்கையறைகளுக்கு வெளியே, நடையில். மாட்டியதும் கதவை மூடிக்கொண்டு படுத்து, வேறொருவரை டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். சத்தம் மெலிதாகக் கேட்டால் அறைக்குள்ளும் ஒன்று தேவை.

2. அப்புறம் தளத்துக்கு ஒன்று. கேஸ் ஃபர்னஸ், கணப்பு, வீட்டோடு ஒட்டிய கராஜ் இதில் ஏதாவது இருந்தால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இது சட்டமே. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? ஃபர்னஸுக்கு மிக அருகில் தூங்குகிறவர் அந்த வாடகைக்காரர்தான். அவர் படுக்கையறை வாசலில் மாட்டித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு; அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

3. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், கேஸ் அடுப்பு இவற்றிலிருந்து சுமார் நாலரை மீட்டர் தள்ளி மாட்டுங்கள். பற்றும்போது வரும் கொஞ்ச வாயுவுக்கே கத்தினால், எரிச்சலில் யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். குளியலறை, ஜன்னலோரம், காற்று வரும் வென்ட்டுக்கு நேர் எதிரே, திரைக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

4. உயரத்தைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசானது, காற்றோடு கலந்து பரவும். பிளக்கில் செருகும் வகையும் சரிதான். கூடவரும் தாளில் சொன்னபடி வையுங்கள். புகை அலாரமும் சேர்ந்த வகை என்றால், புகை மேலே ஏறும் என்பதால் கூரையில் மாட்டுவது நல்லது.

5. நான்கு பீப், ஒரு இடைவெளி, மறுபடி நான்கு பீப் என்றால் வாயு இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு (70 பிபிஎம்) வாயு இருந்தால் அலாரம் அடிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம்வரை ஆகலாம். அதாவது, அது கத்தும்போது நீங்கள் ஏற்கெனவே நிறையச் சுவாசித்திருக்கலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே நிற்காமல் எல்லோரும் வெளியே போய் 911ஐ அழையுங்கள். அவ்வப்போது ஒற்றை பீப் மட்டும் வந்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். பேட்டரி மாற்றியும் நிற்கவில்லையா? பின்பக்கத் தேதியைப் பாருங்கள், 7 முதல் 10 ஆண்டுகளில் அலாரத்தின் ஆயுளே முடிந்துவிடும்.