லேண்ட்ஸ்கேப் வேலைக்கு மினி டிராக்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் பக்கம் தோட்டம் போட்டுக் குடுக்கிற பசங்க நிறைய பேரு இப்ப சொந்தமா மினி டிராக்டர் எடுக்குறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா பத்து வருஷம் முன்னாடி எங்க செட்டுல எல்லாரும் பண்ணின அதே தப்பை இவங்களும் பண்றதைப் பாத்தா மனசு கேக்கல. ஆயில் பாருங்க, டயர் பாருங்கன்னு ஆரம்பப் பாடம் சொல்ல வரல, காசு நிஜமா போற இடத்தை மட்டும் சொல்றேன்.

டூ வீல் டிரைவ்ல ஃபிரண்ட் லோடர் மாட்டுறது

இதைத்தான் முதல்ல சொல்லணும். 4 வீல் டிரைவுக்கு ரேட்டு ஜாஸ்தின்னு 2 வீல் டிரைவ் எடுத்துட்டு, மிச்சமான காசுல லேத் பட்டறையில ஒரு லோடர், அதாவது முன்னாடி மண் அள்ளுற பக்கெட்டும் அதைத் தூக்குற கையும், வெல்டிங் பண்ணி மாட்டிடறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. ஈர மண்ணு ஒரு கன அடி சுமார் 50 கிலோ, ஆறு கன அடி பக்கெட்டுன்னா 300 கிலோ, லோடர் கையும் பக்கெட்டும் தனி வெயிட். 20, 25 எச்பி மினி வண்டிங்க பலது ஒரு டன்னுக்கும் கீழதான் இருக்கும், அந்த வண்டியோட முன் ஆக்சில் சும்மா திரும்புறதுக்குக் குடுத்தது, அது மேல இவ்ளோ பாரத்தை ஏத்தினா என்ன ஆகும்?

கோத்தகிரி ரோட்டுல ஒரு வில்லா சைட்டுல நான் செடி வேலை பாத்துட்டிருந்தேன். மண் வேலை எடுத்த தம்பி புது வண்டியில லோடர் மாட்டி, பக்கெட்டைத் தூக்கிப் பிடிச்சபடியே சரிவுல இறங்குறான். பின் டயர் தரையில பட்டும் படாம சுத்துது, அது ஏறிப் போன புல்லு நசுங்கக் கூட இல்ல. "தம்பி, பக்கெட்டை இறக்குப்பா!"ன்னு கத்தினேன். அவன் பிரேக்கை மிதிச்சான். மினி டிராக்டர்ல பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான், அந்தச் சக்கரத்துலதான் பாரமே இல்லையே, அது லாக் ஆகி வண்டி அப்படியே வழுக்கிட்டுப் போயி கல் கட்டுல மோதி நின்னுச்சு. பையனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா முன் ஹப் உடைஞ்சு கிளட்ச் ஹவுசிங்ல கீறல் விட்டுருச்சு. மினி டிராக்டருக்குத் தனியா சேசிஸ் கிடையாது, இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ் இதுங்க மூணும்தான் சேசிஸ். வெளியில வெல்டிங் பண்ணினதால வாரண்டியும் இல்லைன்னுட்டாங்க. "24 எச்பி சார், எல்லாம் தூக்கும்"னு சொல்லி வித்தவங்க மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.

லோடர் வேணும்னா 4 வீல் டிரைவ் எடுங்க, அந்த மாடலுக்குன்னே வந்த லோடர் மாட்டுங்க, பின்னாடி சாமான் மாட்டுற லிங்கேஜ்ல, மண்ணைக் கிளறுற ரோட்டாவேட்டரோ கான்கிரீட் பிளாக்கோ கட்டாயம் இருக்கணும். டயர்ல தண்ணி ரொப்பினா பின்னாடி பிடிப்பு கூடும், அவ்ளோதான், முன் ஆக்சில் பாரம் அதனால குறையாது. பின் ஆக்சிலுக்குப் பின்னால தொங்குற வெயிட்தான் அதைக் குறைக்கும். சரிவுல லோடோட இறங்கணும்னா 4 வீல் போட்டு, பக்கெட்டைத் தாழ்த்தி, ரிவர்ஸ்ல இறங்குங்க.

எச்பி மட்டும் கேக்குறது

பிடிஓ எச்பி, அதாவது பின்னாடி மாட்டுற சாமானைச் சுத்துற தண்டுக்குப் போற பவர், எவ்ளோன்னு கேளுங்க, பின்னாடி லிஃப்ட் எத்தனை கிலோ தூக்கும்னும் கேளுங்க. குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245 ரெண்டுக்கும் 750 கிலோன்னு போட்டிருக்கும், ஆனா அது லிங்கேஜ் கை நுனியில. புல்லு வெட்டுற ஸ்லாஷர் மாதிரி நீளமான சாமான் மாட்டினா அவ்ளோ தூக்காது.

வயல் டயரோட புல்தரையில ஏறுறது

மெக்சிகன் கிராஸ் கார்பெட் விரிச்ச இடத்துல லக் டயர், அதாவது பட்டை பட்டையா இருக்குற வயல் டயர், ஒரு தடவை திரும்பினா போதும், தனியா பேத்து எடுத்துரும். புல்லைக் கெடுக்காத டர்ஃப் டயர் வேணும்னு டெலிவரிக்கு முன்னாடியே சொல்லிடுங்க. 4 வீல் வண்டியில பின் டயரை மட்டும் மாத்தாதீங்க, முன் பின் டயர் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு, அது மாறினா கியர் பாக்ஸ் தேயும். பேவர் பிளாக் மேல போகும்போதும் 4 வீலை எடுத்துருங்க.

கேட் அளக்காம வாங்குறது

வண்டி சைட் கேட்டுக்குள்ள போகுமான்னு ரோட்டாவேட்டரோட சேத்து அகலத்தை அளங்க. தோட்டத்துல பெர்கோலா பந்தல் இருந்தா உயரமும்.

ஷட்டில்

முன்ன போறதை பின்ன போறதா மாத்துற லீவர்தான் ஷட்டில். நாள் முழுக்க முன்ன பின்ன போற வேலை இது. ஓட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஆர்சி புக்

விவசாயத்துக்குன்னு பதிஞ்ச வண்டியை வாடகை வேலைக்கு ஓட்டினா ஆர்டிஓகிட்டயும் மாட்டலாம், ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ் கிளெய்மும் நிக்கலாம். பதிவு பண்றதுக்கு முன்னாடியே என்ன வேலைக்குன்னு தெளிவா சொல்லிப் பதியுங்க.