வேலூரில் அரசு மருத்துவமனை மனுவை யாருக்கு எழுதுவது?

முதலில், இடம் எந்தத் துறையின் கீழ் என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுத வேண்டும். குடியாத்தம் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அதன் டீன். மாற்றி எழுதினால் மனு மேசைக்கு மேசை அலையும், நோயாளிதான் காத்திருப்பார்.

2019-ல் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா மனுக்கள் ராணிப்பேட்டைக்கு. ஆம்பூர், வாணியம்பாடி மனுக்கள் திருப்பத்தூருக்கு.

புதிய நிலையம் கேட்கிறீர்களா? சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அளவு. மலைக்கிராமம் என்றால் 20,000, 3,000. மக்கள்தொகை, அருகிலுள்ள நிலையத்தின் தூரம், கிராமசபைத் தீர்மான நகல் மூன்றையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.